கணக்கில் வராத பயணி

சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போவது இப்போது நம் ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அப்படி ஒரு கப்பல் கிளம்பியது. நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, ஐந்து வேளைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால், கையில் நாலு மாதக் குழந்தையோடு போய் டிக்கெட் கேட்டுப் பாருங்கள். 'மன்னிக்கவும்' என்பார்கள். உலகின் பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைத் தாண்டும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். நடுக்கடலில் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் என்ன செய்வது என்ற பயம்தான். வயது சரியாக இருந்தால் ராஜ உபசாரம்... முன்கூட்டியே சொல்லிவைத்தால் அறைக்குள் மடக்குத் தொட்டில் வந்துவிடும். பால் பவுடர், டயாபரை நாம் கொண்டுபோனால் போதும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் கப்பல் ஏறாத கடலா? கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், நேட்டால் என்று போனார்களே, அவர்கள் கைக்குழந்தைகளை எப்படிக் கொண்டுபோனார்கள்? எங்கே தூங்கவைத்தார்கள்? என்ன புகட்டினார்கள்?

சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினால் கப்பலின் எடை இருக்கிறது. கேப்டன் பெயர் இருக்கிறது. எத்தனை மூட்டை சரக்கு என்பதுகூட இருக்கிறது. குழந்தை? ஊஹூம்!

ஏன் இல்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே விடை கிடைக்கிறது. 1887-ல் வெள்ளைக்கார சர்க்கார் 'சுதேசிப் பயணிகள் கப்பல் சட்டம்' என்று ஒன்று போட்டது. கேபின் இல்லாமல் டெக்கில் உட்கார்ந்து போகிற நம்மவர்களுக்கான சட்டம் அது. ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று எண்ணுவதற்கு அதில் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் ஒரு ஆள். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆள். ஒரு வயதுக்குள் என்றால்? பூஜ்யம்! அந்தக் குழந்தைக்கு இடம் ஒதுக்க வேண்டாம், எண்ணிக்கையிலும் சேர்க்க வேண்டாம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறப்போன வெள்ளைக்காரர்களுக்கும், 1855-ஆம் வருஷச் சட்டப்படி இதே கணக்குதான். ஆக, இதில் நிறவெறி எதுவும் இல்லை. பச்சைப் பிள்ளை விஷயத்தில் எல்லாச் சட்டமும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்!

முதலில் பக்கத்துக் கடலைப் பார்ப்போம்.

1876-ல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. அதற்குப் பிறகு கொழும்பு போவதென்பது பாளையங்கோட்டைக்காரருக்குக் கிட்டத்தட்ட மதராஸ் போகிற மாதிரி ஆகிவிட்டது. மணியாச்சியில் ரயில் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, சாயங்காலம் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு. ஒரு ராத்திரிதானே என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடியில் அப்போது கடல் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். கப்பல் நேராக வந்து அணைகிற புதிய துறைமுகம் 1974-ல்தான் வந்தது. அதுவரைக்கும் படகில் போய், அலையில் படகு ஏறி இறங்கும்போது சரியான நொடி பார்த்து, கப்பலின் ஏணிப்படியில் கால்வைக்க வேண்டும். இடுப்பில் குழந்தையோடு, ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு! என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் மிக ஆபத்தான கட்டம் நடுக்கடல் அல்ல. இந்த ஒரு நொடிதான்.

வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பற்றி உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி வாங்கிய 'காலியா' கப்பலில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,366 பேரில் மெத்தையில் படுத்துத் தூங்குகிற பாக்கியம் 66 பேருக்கு! மற்றவர்களுக்குத் தரைதான். சுதேசிக் கப்பலானாலும் சரி, அதோடு போட்டிக்கு நின்று கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையையும் இனாமாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் கப்பலானாலும் சரி, டெக் டெக்தான். அந்தக் குடை குழந்தைமேல் பனி விழாமல் பிடிக்கவாவது உதவியிருக்கும்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி வந்துவிட்டது. கடலில் இரண்டு மணி நேரம்தான், தாய்மார்களுக்குப் பெரிய விடுதலை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனது. தூத்துக்குடி - கொழும்புக் கப்பலை 2011-ல் மறுபடி விட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

நம் ஆட்கள் இப்படித் தரையில் துண்டு விரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், துரைமார் வீட்டுக் குழந்தைகள் எப்படிப் போயின? அது வேறு கதை. ஐஸ் அறைகள் வருவதற்கு முன்னால், லண்டன் போகும் பெரிய கப்பல்களில் பால்மாட்டையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கன்றுக்குட்டியும் கூடவே போகும்! மாட்டுக்கும் கடல் மயக்கம் வரும், தீனி குறையும், பால் வற்றும். ஆனாலும் ஏற்பாடு என்று ஒன்று இருந்தது. ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய ஆயாவும் இருந்தாள். அவள் நம்ம ஊர்ப் பெண்! துரைசானியின் பிள்ளையை மார்பில் சாய்த்துத் தூங்கவைத்தபடி கடல் கடந்த இந்திய ஆயாக்கள் எத்தனையோ பேர். லண்டனில் இறங்கியதும் 'வேலை முடிந்தது, போ' என்று நடுத்தெருவில் விடப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் தங்குவதற்கென்றே அங்கே ஓர் 'ஆயாக்கள் இல்லம்' இருந்தது. 1900-த்திலிருந்து அது இருந்த ஹாக்னி பகுதி வீட்டின் சுவரில் 2022-ல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

இன்னொரு கப்பலும் உண்டு. அதைப் பற்றி எழுதவே கை தயங்குகிறது.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடலில்! இந்தக் கப்பல்களில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய இடம் ஆறடி நீளம், இரண்டடி அகலம். தாயும் மடிக்குழந்தையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1856-57 பருவத்தில் போன கப்பல்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். பிறகு விதிகள் இறுகின, சாவு குறைந்தது. ஆனாலும் எந்த வருஷத்தை எடுத்தாலும் அதிகம் செத்தது கைக்குழந்தைகள்தான். அம்மை, வயிற்றுப்போக்கு, பால் வற்றிப்போன தாய். கப்பல் டாக்டருக்கு உயிரோடு கரையிறங்கும் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கேட்கக் கொடூரமாக இருக்கிறது, இல்லையா? ஆனால், பயணிகள் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். இரக்கத்தை நம்பியிருந்தால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள்.

சரி, இப்போது சிற்றாற்றங்கரைக்கு வருவோம். தாமிரபரணியில் போய்க் கலக்கிற ஆறு அது. அது பாயும் பக்கத்தில் தென்காசி, கொஞ்சம் வடக்கே கடையநல்லூர். அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா, 2019-லிருந்து தென்காசி மாவட்டம். இந்த இரண்டு ஊர்களின் முஸ்லிம்கள் பலரும் நெசவாளிகள். இயந்திரத் துணி வந்து தறியை முடக்கியது. 1876-78 பஞ்சம் வந்து மிச்சத்தையும் பறித்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அவர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் கடல் கடந்த தமிழ் வியாபாரிகள் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டுவார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் அப்படியில்லை. குடும்பத்தோடு போனார்கள்! பெண்கள் சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் பக்கத்தில் குடியேறி, அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்கள். குடும்பம் போனால் கைக்குழந்தையும் போகத்தானே செய்யும்? பூஜ்யங்கள் கப்பலேறின.

எப்படிப் போவார்கள்? கடையநல்லூருக்கு ரயில் 1927-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் மாட்டுவண்டியில் தென்காசிக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். பிறகு நாகப்பட்டினம் அல்லது மதராஸ். அங்கே கப்பல்... உங்கள் தாத்தாவைக் கேட்டால் உடனே பெயர் சொல்வார். 'ரஜூலா'!

1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் 5,113 டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. உலகத்தில் வேறெந்தக் கப்பலுக்கும் அப்போது அத்தனை பேருக்கு உரிமம் இல்லை என்பார்கள். மேலே சொன்ன சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5,113-ல் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுகூடச் சேர்த்தி இல்லை. அவர்கள் எல்லாம் கொசுறு!

ஏறியதும் முதல் வேலை இடம் பிடிப்பது. பாயை விரி, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வை, மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கு. அதுதான் வீடு, அதுதான் வேலி. கப்பல் சாயும்போது குழந்தை உருண்டு பக்கத்துப் பாய்க்குப் போய்விடாமல் தடுக்கும் கட்டிலும் அதுதான். நாகப்பட்டினத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சங்கடம்... மதராஸில் ஏறினவர்கள் நல்ல இடத்தையெல்லாம் பிடித்துவிட்டிருப்பார்கள். கப்பல் அங்கேயும் கடலில்தான் நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும்.

தூக்கத்துக்கு நம் பெண்களிடம் ஓர் அருமையான கருவி இருந்தது. சேலை! மேலே ஒரு கம்பி கிடைத்தால் போதும், தொட்டில் தயார். இதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது. கப்பல் இப்படியும் அப்படியும் சாயும்போது தரையில் கிடப்பது எல்லாம் கூடவே சாயும். கயிற்றில் தொங்குவது மட்டும் செங்குத்தாகவே நிற்கும். அதனால்தான் பிரிட்டிஷ் கடற்படை 1597-லேயே மாலுமிகளுக்குத் தொங்குபடுக்கை கொடுத்தது. அதை ஐரோப்பியர்கள் கொலம்பஸ் காலத்தில் கரீபியத் தீவுவாசிகளிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். நம்ம கடையநல்லூர்த் தாய் யாரிடமும் கற்கவில்லை. அவள் வீட்டு உத்திரத்தில் தொங்கியதைக் கப்பலுக்குக் கொண்டுவந்தாள், அவ்வளவே. ஆட்டிவிடக்கூட வேண்டாம், வங்காள விரிகுடாவே ஆட்டிவிடும்!

இன்னொரு அதிசயம். கடல் மயக்கம் பெரியவர்களைத்தான் புரட்டிப்போடும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அது அநேகமாகத் தொடுவதில்லை. ஆக, தாய் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பாள். மகனோ மகளோ பசியோடு குஷியாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கும். பாவம், அவள் என்ன செய்வாள்? சாப்பிட்டதெல்லாம் வெளியே போய், தண்ணீரும் தங்காமல் போனால் பால் குறையும். ஒரு வாரப் பயணத்தில் முதல் மூன்று நாள் இதுதான் சோதனை.

அப்போது பக்கத்துப் பாய்க்காரி கைகொடுப்பாள். தன் பிள்ளையோடு இந்தப் பிள்ளையையும் மார்பில் அணைத்துக்கொள்ள ஒருத்தி கிடைத்தால் பிழைத்தது. ஆனால், முஸ்லிம் பெண்களுக்கு இது சாதாரண உதவி அல்ல. ஒரு பெண் பாலூட்டிவிட்டால் மார்க்கப்படி அவள் அந்தக் குழந்தைக்குத் தாய். அவள் பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்புகள். பின்னாளில் அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. எத்தனை தடவை கொடுத்தால் உறவு என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப் வித்தியாசம் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நடுக்கடலில் அவசரத்துக்குப் புகட்டிய பாலைப் பதினைந்து வருஷம் கழித்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்! இந்த உறவுக்குக் கப்பல் கம்பெனியில் ரிஜிஸ்தர் கிடையாது.

தாய்ப்பாலுக்கு மேல் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சங்கு. சில ஊர்களில் பாலாடை என்பார்கள். வெள்ளியிலோ பித்தளையிலோ நீண்ட மூக்கோடு இருக்குமே, அதுதான். அதே காலத்தில் ஐரோப்பாவில் நாகரிகக் குடும்பங்கள் நீளமான ரப்பர்க் குழாய் வைத்த பால் புட்டியைக் கொண்டாடிக்கொண்டிருந்தன. குழாய்க்குள் பால் தங்கிப் புளித்துக் கிருமி வளர்ந்து, பிள்ளைகள் மாண்டன. பிரான்ஸ் 1910-ல் அதைத் தடையே செய்தது. நம் சங்கை ஒரு தரம் கொதிநீரில் அலசினால் சுத்தம். இன்றைக்கும் குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் புகட்ட இந்திய ஆஸ்பத்திரிகளில் பாலாடைதான் பயன்படுகிறது.

கொதிநீர் என்றேன்... அதுதான் கப்பலில் பெரிய பிரச்சினை. அதற்குப் பண்டாரியைப் பிடிக்க வேண்டும். கப்பல் சமையல்காரருக்கு அந்தப் பெயர். அவர் மனது வைத்தால்தான் பிள்ளைக்கு வெந்நீர். துணி அலசுவது இன்னும் கஷ்டம். கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதில் அலசிக் காயவைத்த துணியில் உப்பு பூத்து, பிள்ளையின் தொடை இடுக்கைப் புண்ணாக்கிவிடும். அதனால் பழைய வேட்டிகளைக் கிழித்து ஒரு மூட்டையாகவே கட்டிக்கொண்டு போவார்கள். அழுக்கானால் கடலில் எறிந்துவிடலாம். வயிற்று வலிக்குச் சுக்கும் ஜாதிக்காயும் உரைத்த உரைமருந்து, வசம்பு. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டே!

பிறகு தகர டின் வந்தது. இனிப்பூட்டிய கெட்டிப்பால்.

அந்த டின்னுக்கும் கப்பலுக்கும் ஒரு தொடர்பு சொல்வார்கள். கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் 1851-ல் லண்டன் கண்காட்சிக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தாராம். கப்பலில் இருந்த மாடுகள் சீக்காகி, பாலில்லாமல் பிள்ளைகள் இறந்ததைப் பார்த்தாராம். கெடாத பாலைக் கண்டுபிடிக்க அப்போதுதான் முடிவெடுத்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, 1856-ல் கெட்டிப்பாலுக்கு அவர் காப்புரிமை வாங்கியது நிஜம். ஐஸ் வேண்டாம், மாடு வேண்டாம், மூன்று ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலக்கினால் பால்! கப்பலுக்கென்றே செய்தது போல இருந்தது. 1912-ல் ஒரு சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனி சிங்கப்பூரில் ஆபீஸே போட்டுவிட்டது. அதுதான் பிறகு நெஸ்லே.

கப்பலில் வரம், கரையில்? சர்க்கரை எக்கச்சக்கம். சில ரகங்களில் கொழுப்பை எடுத்துவிட்ட பால். வேலைக்குப் போகும் தாய் அதையும் மிச்சம் பிடித்துத் தண்ணீர் கலப்பாள். நர்ஸ் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் வீடு வீடாக வந்து, 'தாய்ப்பாலைவிட இது நல்லது' என்று விற்பார்கள். பிள்ளை கொழுகொழுவென்று தெரியும், திடீரென்று போய்விடும்.

இதைக் கண்டு கொதித்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர். ஆப்பிரிக்காவில் புரதச் சத்துக் குறைவால் பிள்ளைகளுக்கு வரும் 'குவாஷியார்கர்' நோயை 1933-ல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர். 1936-ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் பேச்சுக்கு வைத்த தலைப்பு: 'பாலும் கொலையும்'! இப்படிப்பட்ட பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கருத வேண்டும் என்றார். கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருந்த வியாபாரப் பிரமுகர்கள் முன்னிலையில்!

1942-ல் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான். சிசிலி சாங்கி சிறையில் அடைபட்டார். அங்கே டின்னும் இல்லை, புட்டியும் இல்லை, போதிய சாப்பாடே இல்லை. அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதுக்கும் தாய்ப்பால்தான். இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

யுத்தம் முடிந்து கப்பல் மறுபடி ஓடியது. அலைகடலில் தொட்டிலில் ஆடி வந்தவர்கள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். 1941-ல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946-ல் அவர்களுக்காக உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை நடத்த ஆரம்பித்தது. 1982 வரை அது இருந்தது. 'ரஜூலா' 1973-ல் கைமாறி, அடுத்த வருஷமே உடைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 'சிதம்பரம்' கப்பல் 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கடல் வழியும் முடிந்தது.

இப்போது சிங்கப்பூர் நாலு மணி நேரம். விமானத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது, மடிதான். ஆனால் பெயர் போட்டு டிக்கெட் உண்டு. வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர்கள் கட்டணத்தில் பத்து சதவிகிதம். பூஜ்யத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.